முதுகுப் பை: எடையைப் பார்த்து ஏமாறாதீங்க

பென்சில்வேனியா பக்கம் மான் வேட்டைக்குப் போற ஆளுங்களைக் கொஞ்சம் பேச விட்டுப் பாருங்க. துப்பாக்கி பத்தி ரெண்டு மணி நேரம் பேசுவாங்க, பூட்ஸ் பத்தி ஒரு மணி நேரம். முதுகுல மாட்டுற பைன்னு வந்தா மட்டும் "ஏதோ ஒண்ணு, வெயிட் கம்மியா இருந்தா சரி"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்லை மக்களே. விடியறதுக்கு முன்னாடி மாட்டினா இருட்டின பிறகுதான் கழட்டப் போறோம். அதை ஏதோ ஒண்ணுன்னு எப்படி விடறது?

முதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர்ல 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைங்கிற பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் வேண்டாம். இங்கே கதை வேற. இந்த மாநிலத்துல ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்னு வேட்டைக்காக ஒதுக்கின அரசு நிலமே சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கு. வகுப்புக்குப் போய், லைசென்ஸ் வாங்கி, கணக்கு வச்சுத்தான் மான் அடிக்கணும். தாங்க்ஸ்கிவிங் முடிஞ்ச சனிக்கிழமை ரைபிள் சீசன் ஆரம்பம் (2019-க்கு முன்னாடி திங்கட்கிழமையா இருந்தது). வேட்டை சரியா தப்பாங்கிற பஞ்சாயத்தை இன்னொரு பதிவுல வச்சுக்கலாம். இன்னிக்கு பை மட்டும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம். கடையில அட்டையில போட்டிருக்கிற எடை இருக்கே, அதுதான் பெரிய ஏமாத்து வேலை. கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்குத் தேவையான தண்ணி, சாப்பாடு, தடிமனான கோட்டு, கத்தி, கயிறு, ரெண்டு டார்ச், முதலுதவிச் சாமான் எல்லாம் சேர்த்தா 6 கிலோ வரும். பை 450 கிராம்னா மொத்தம் 6.45 கிலோ. பை 1.2 கிலோன்னா மொத்தம் 7.2 கிலோ. முதல் பைதானே சுகம்னு தோணும். ஆனா அந்த 450 கிராம் பையில சட்டமும் இருக்காது, இடுப்புப் பட்டைன்னு பேருக்கு ஒரு நாடா தொங்கும். 6.45 கிலோவும் தோள்ல. ரெண்டாவதுல உள்ளே சட்டம் உண்டு, அகலமான இடுப்புப் பட்டை உண்டு. பாரத்துல பெரும்பங்கு இடுப்பு எலும்புல போய் உக்காந்துக்கும், தோளுக்குச் சும்மா பிடிச்சுக்கிற வேலைதான். முக்கால் கிலோ அதிகமா இருந்தும் சாயங்காலம் கழுத்து வலிக்காது. பாரம் எவ்வளவுங்கிறதை விட எங்கே உக்காருதுங்கிறதுதான் முக்கியம்.

அது சரியா உக்காரணும்னா முதுகோட நீளம் தெரியணும். ஆளோட உயரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, ஆறடி ஆளுக்கும் குட்டை முதுகு இருக்கலாம். தலையைக் குனிஞ்சா கழுத்துக்குக் கீழே துருத்திக்கிட்டு ஒரு எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பு எலும்போட மேல் விளிம்பு மட்டம் வரைக்கும் டேப் வச்சு அளக்கணும். வீட்டம்மாகிட்டச் சொன்னா ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது எத்தனை லிட்டர் பை? இருபதுக்குள்ள போதும்னு சொல்றவங்க கோட்டை மறந்துட்டாங்கன்னு அர்த்தம். நவம்பர் கடைசியில இங்கே காலை நேரம் உறைநிலைக்குக் கீழே போறது சர்வ சாதாரணம். கோட்டைப் போட்டுக்கிட்டே மேடு ஏறினா வேர்த்துக் கொட்டும். அப்புறம் மரத்தடியில அசையாம நாலு மணி நேரம் உக்காரும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிடும். ஹைப்போதெர்மியாங்கிற ஆபத்துக்கு இதுதான் குறுக்குவழி. அதனால நடக்கும்போது மெல்லிசா, உக்கார்ந்த பிறகு தடிமனா. அப்படின்னா கோட்டு பையில வரணும். அதுக்குக் கனம் கம்மி, அடைக்கிற இடம் அதிகம். 25-ல இருந்து 30 லிட்டர் இல்லாம நடக்காது.

அதுக்காக 60 லிட்டருக்குப் போக வேண்டாம். "மான் கிடைச்சா கறியைத் தூக்கணுமே"ன்னு கேக்குறவங்க உண்டு. நடுத்தரமான ஒரு ஆண்மான்ல எலும்பு நீக்கினாலே கறி 20 கிலோவுக்கு மேல வரும். கார் ஒரு மைலுக்குள்ள நிக்குது. இழுத்துக்கிட்டு வந்துடலாம், இல்லைன்னா பெரிய பையை கார்ல வச்சுட்டு ரெண்டாவது நடை போகலாம். எப்பவோ ஒரு தடவை வரப்போற பாரத்துக்காக ஒவ்வொரு தடவையும் காலிப் பெட்டியைச் சுமக்கறது என்ன நியாயம்?

சத்தமும் கவனிக்கணும். மொடமொடங்கிற நைலான் ஒரு சுள்ளி உரசினாலே கத்தும், வெல்க்ரோவைப் பிரிச்சா காடே திரும்பிப் பார்க்கும். கம்பளி மாதிரி துணி போட்ட பை சத்தம் போடாது, ஆனா மழையைக் குடிச்சு கனமாயிடும். நடுவாந்திரமா, மேல்துணி மென்மையா, ஜிப் இழுப்பானுக்குப் பதிலா கயிறு முடிச்சு போட்டதா பாருங்க. தண்ணிக்கு உறிஞ்சுற குழாய் வச்ச பையெல்லாம் இந்தக் குளிர்ல வேண்டாம், முதல்ல உறையறது அந்தக் குழாய்தான். பாட்டிலே போதும். அதையும் தலைகீழா வச்சா ஐஸ் அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்கும்.

இப்போ சொல்லப் போறதுதான் இந்தப் பதிவை எழுத வச்சது. ரைபிள் சீசன்ல தலை, நெஞ்சு, முதுகு மூணும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு போட்டிருக்கணும், எந்தத் திசையில இருந்து பார்த்தாலும் தெரியணும்னு இங்கே சட்டம். போன வருஷம் கூட வந்த நண்பர் அழகா ஆரஞ்சு வெஸ்ட் போட்டிருந்தார். அதுக்கு மேல, காட்டு நிறத்துல, இலை படம் போட்ட புதுப் பை. நான் பின்னாடி நடக்கிறேன். அவர் தொப்பி ஒரு கிளைக்குப் பின்னாடி போனதும் முன்னால மனுஷன்னே தெரியலை. பழுப்பா ஏதோ அசையுது, அவ்வளவுதான். மானும் பழுப்புதானே? நிறுத்தி, என் கைக்குட்டை அளவு ஆரஞ்சுத் துணியைப் பையில கட்டின பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பையைத் தயாரிக்கிறவங்க மானுக்குத் தெரியாத நிறத்துல தைக்கிறாங்க. ஆனா மானுக்கு ஆரஞ்சே மங்கலாத்தான் தெரியும், நீலம்தான் நல்லாத் தெரியும். ஆகவே பை ஒளியறதால லாபம் ஒண்ணும் பெருசா இல்லை, நஷ்டம் உயிர். ஆரஞ்சுப் பை வாங்குங்க, இல்லைன்னா ஆரஞ்சு உறை போடுங்க. வெள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம், இந்த ஊர் மானுக்கு வாலடி வெள்ளை.

கடைக்குப் போகும்போது உங்க சாமான் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போங்க. அங்கேயே அடைச்சு, கோட்டு மேல மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி அரை மணி நேரம் நடங்க. கடைக்காரர் ஒரு மாதிரியாத்தான் பார்ப்பார், பார்க்கட்டும்.

டிஸ்கி: வேட்டையே வேண்டாம்ங்கிற சைவ அன்பர்கள் வெள்ளியங்கிரி ஏறும்போது இடுப்புப் பட்டை சமாச்சாரத்தை மட்டும் எடுத்துக்கவும். ஆரஞ்சு அவசியமில்லை :-)