தலைமுறைகளின் கதை

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்தோ போபாலிலிருந்தோ சொந்த ஊருக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பாட்டிமார் சொல்லும் கதைகள் பல. அவற்றுள் ஒன்றேனும், தம் முன்னோர் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதையாக இருக்கும். அதில் ஆண்டுக்கணக்கு இராது. ஒரு பூட்டன் வருவார். ஒரு பஞ்சம் வரும். ஒரு மாட்டுவண்டி வரும். வழி தெரியாத காட்டில் தெய்வமும் துணைக்கு வரும். பாட்டனின் தந்தையைப் பூட்டன் என்றும் பாட்டியின் தாயைப் பூட்டி என்றும் வழங்குவது தமிழ் மரபு. அதற்கு முந்திய தலைமுறையினரின் பெயர்கள் பெரும்பாலான வீடுகளில் மறந்துபோயிருக்கும். கதை மட்டும் எஞ்சியிருக்கும்.

இத்தகைய கதைகளை வித்தாகக் கொண்டு வளர்ந்தது புதின இலக்கியத்தின் ஒரு வகை. ஒரு குடும்பத்தைப் பல தலைமுறைகள் பின்தொடர்ந்து, அக்குடும்பத்தின் வழியே ஒரு நாட்டின் வரலாற்றைக் காட்டும் புதினங்கள் இந்திய மொழிகள் பலவற்றில் உள்ளன. இவை குலப்பெருமை பேசுவதற்காக எழுதப்பட்டவை என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது. குலப்பெருமை பேசும் நூல்கள் வேறு. அவற்றைத் திருமண மலர்களிலும் சங்க மலர்களிலும் காணலாம். நல்ல தலைமுறைப் புதினம் செய்வது அதற்கு நேர்மாறான பணி. ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை அது பொறுமையாகக் கேட்கிறது. பிறகு, அக்குடும்பம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறது.

கி. ராஜநாராயணன் எழுதிய ‘கோபல்ல கிராமம்’ இதற்குத் தக்க சான்று. 1976இல் வெளிவந்த இப்புதினத்தின் களம் கோவில்பட்டிப் பகுதியின் கரிசல் நிலம். அங்குள்ள கோட்டையார் வீட்டில் 137 வயதுடைய மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டி இருக்கிறார். அவர் வாயிலாகவே அக்குடும்பத்தின் பழங்கதை வெளிப்படுகிறது. அவர்கள் அம்மண்ணின் தொல்குடிகள் அல்லர்; தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். சென்னாதேவி என்னும் அழகிய பெண்ணை அந்நாட்டு ஆட்சியாளன் அடைய விரும்பினான். பெண்ணைக் கொடுக்க மனமில்லாத உறவினர், வீடும் நிலமும் விட்டு இரவோடு இரவாக வெளியேறினர். துரத்தி வந்தவர்கள் நெருங்கிய வேளையில், ஆற்றங்கரை மரம் ஒன்று வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்த்தது என்பது மூதாட்டியின் கூற்று.

மரம் வளைந்து மனிதரைக் கரைசேர்க்குமா? வரலாற்று ஆசிரியர் இவ்விடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார். எந்த ஆண்டு, எந்த ஆறு, எந்த மன்னன் என்று கேட்பார். அவ்வாறு கேட்பது அவர் கடமை. புதின ஆசிரியரோ அந்த மரத்தைத் தம் சொல்லில் வைக்காமல் மூதாட்டியின் சொல்லில் வைக்கிறார். மரம் வளைந்தது உண்மை என்று நூல் எங்கும் சான்றளிக்கவில்லை. அப்படி நம்பித்தான் ஒரு கூட்டம் உயிர் பிழைத்தது என்பதையே அது காட்டுகிறது. ஊரை விட்டு ஓடியவர்களுக்கு நிலம் இல்லை, பட்டயம் இல்லை, அவர்களுக்காகச் சாட்சி சொல்ல எவரும் இல்லை. கையில் எஞ்சிய ஒரே உடைமை அந்தக் கதை. அதை ஆராய்ந்து தள்ளிவிடுவது எளிது. ஆனால் தள்ளிய பிறகு அம்மக்களைப் பற்றி அறிவதற்கு மிகச் சிலவே மிஞ்சும்.

137 வயது என்பதும் கூர்ந்து நோக்கத் தக்கது. இதை நம்புவதும் நம்பாததும் படிப்பவர் விருப்பம். அந்த வயது ஒரு பாலமாக நிற்கிறது. ஓடி வந்தவர்களுள் ஒருவரே தம் கொள்ளுப்பேரர்களிடம் நேரே பேசுகிறார். இடையில் ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. கேட்டவர் சொல்ல, மற்றொருவர் கேட்டு வருவதுதான் குடும்ப வரலாற்றின் இயல்பு. அதை ஒரே உடலில் வைத்துக் காட்டியது ஆசிரியரின் நுட்பம்.

இனி, அக்குடும்பம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத பகுதிக்கு வரலாம். கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த அதே மக்கள், புதிய இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்துகிறார்கள். அத்தீயில் காட்டுயிர்கள் மடிகின்றன. பின்னொரு நாள், நகைக்காகக் கருவுற்ற பெண் ஒருத்தியைக் கொன்ற கள்வன் அவ்வூராரிடம் பிடிபடுகிறான். ஊர் கூடி விசாரிக்கிறது, அவனைக் கழுவேற்றுகிறது. தண்டனை கேட்டு ஓடியவர்களின் வழித்தோன்றல்கள் தண்டனை வழங்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அது நீதியா, கொடுமையா என்று ஆசிரியர் முடிவு கூறவில்லை. நிகழ்ந்ததை மறைக்கவும் இல்லை. ஒரே தலைமுறையை மட்டும் சொல்லும் கதையில் இந்த மாற்றம் தெரியவே தெரியாது. ஓடியவர்களை மட்டும் கண்டால் இரக்கம் தோன்றும். கழுவேற்றியவர்களை மட்டும் கண்டால் அச்சம் தோன்றும். இருவரும் ஒரே வீட்டினர் என்று காணும்போதுதான் படிப்பவர் சற்றே நின்று எண்ணுகிறார்.

இப்புதினத்தின் இறுதியில், கும்பினியாரின் ஆட்சி நீங்கி விக்டோரியா அரசியின் ஆட்சி வருகிறது. 1858ஆம் ஆண்டு அறிவிப்பு என வரலாற்றுப் பாடநூலில் இரண்டு வரிகளில் மனப்பாடம் செய்யப்படும் செய்தி இதுதான். இங்கே அது, தன் வழக்கைத் தானே விசாரித்துக்கொண்ட ஒரு சிற்றூரின் வாசலில் வந்து நிற்கிறது. இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ விடுதலைப் போராட்டக் காலம் வரை செல்கிறது. 1991ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றது.

வெளிமாநிலத்தில் தமிழ் கற்கும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உண்டு. கோட்டையார் வீட்டைப் போலவே கி. ராஜநாராயணன் பிறந்த குடும்பமும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் அவர் ஊர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட நிறைவு செய்யாதவர் அவர். ஆயினும் கரிசல் தமிழுக்குச் சொல்லகராதி தொகுத்தவர் அவரே. தமிழ் உரைநடைக்குப் புதுவழி காட்டியவர் என்று 2021இல் அவர் மறைந்தபோது நாடே போற்றியது. வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்னும் நிலை குறையாகத்தான் முடியும் என்று அஞ்சுவோர் அவர் நூல்களைப் படிக்கலாம்.

நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968இல் வெளிவந்தது. இரணியலில் வாழும் செட்டியார் குடும்பம் ஒன்றின் கதை அது. அங்கும் உண்ணாமலை ஆச்சி என்னும் பாட்டி குலத்தின் தொன்மையைப் பேரனுக்குச் சொல்கிறார். அங்கும் அக்குலப்பெருமைக்கு நடுவே ஒரு பெண் துன்புறுகிறாள். கணவன் வீட்டார் பொய்ப்பழி சுமத்தித் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்த நாகம்மையின் கண்ணீருக்குப் பழங்கதையில் விடையில்லை. தம்பி திரவிதான் விடை தேட வேண்டியிருக்கிறது.

பெண்களைப் பற்றிய இந்தக் கேள்வியை மூன்று பெரும் புதினங்களாக விரித்து எழுதியவர் வங்காளத்தின் ஆஷாபூர்ணா தேவி. முதல் வாக்குறுதி எனப் பொருள்படும் ‘பிரதம் பிரதிஸ்ருதி’ 1964இலும், ‘சுவர்ணலதா’ 1967இலும், ‘பகுல் கதா’ 1974இலும் வெளிவந்தன. 1976ஆம் ஆண்டிற்கான ஞானபீட விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவர். பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பே அவருக்குக் கிடைத்ததில்லை என்பது வியப்புக்குரியது.

குடும்ப மரம் வரைவோர் வழக்கமாகத் தந்தை, மகன், பேரன் என்று கோடு இழுப்பர். ஆஷாபூர்ணா தேவி அக்கோட்டைத் தாய், மகள், பேத்தி என்று மாற்றி இழுத்தார். இச்சிறு மாற்றத்தால் வரலாறே வேறாகத் தெரிகிறது. சத்தியவதி சிறுமியாக இருந்தபோதே பிறர் அறியாமல் எழுத்துக் கற்றவள். மகள் சுவர்ணலதாவைப் படிக்கவைக்க வேண்டும் என்பது அவள் உறுதி. ஆனால் ஒன்பது வயதுச் சிறுமியான சுவர்ணலதாவுக்கு, தாய்க்குத் தெரியாமல் பாட்டியே திருமணம் முடித்துவிடுகிறார். செய்தி அறிந்த சத்தியவதி, அந்த வீட்டுக்குள் மீண்டும் அடியெடுத்து வைக்காமல் காசிக்குப் புறப்பட்டுவிடுகிறாள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் இயற்றப்பட்டது என்று பாடநூல் கூறும். அச்சட்டத்திற்கு முன் எத்தனை வீடுகளில் தாயும் மகளும் இவ்வாறு பிரிந்தனர் என்பதைக் கூறப் பாடநூலில் இடமில்லை.

சுவர்ணலதாவின் ஆசை மிகச் சிறியது. கட்டப்படும் புதிய வீட்டில் தெருவைப் பார்த்தபடி ஒரு மாடிமுகப்பு வேண்டும். அங்கு நின்று வெளியுலகைக் காண வேண்டும். கணவன் சரி என்கிறான். புதுவீட்டுக்குச் சென்ற நாளில் அவள் அறை அறையாகத் திரிந்து அந்த மாடிமுகப்பைத் தேடுகிறாள். அப்படி ஒன்று கட்டப்படவே இல்லை. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகள், துணி உலர்த்தவும் பழைய மிதிவண்டியை நிறுத்தவும் பயன்படும் பால்கனியை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு அது கைக்கெட்டாத நாடாக இருந்திருக்கிறது. அரசர்களின் போரைவிட இந்தச் சிறு ஏமாற்றம் அக்காலத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

பின்னாளில் சுவர்ணலதா தன் வாழ்க்கையை எழுதுகிறாள். அது பிழைகள் மலிந்து அச்சேறுகிறது. வீட்டார் எள்ளி நகைக்கிறார்கள். அவள் அனைத்தையும் தீயிலிடுகிறாள். அவள் மகள் பகுல் எழுத்தாளர் ஆகிறாள். சத்தியவதியின் கதையே பகுலின் குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றுதான் முதல் புதினம் தொடங்குகிறது. பாட்டி தொடங்கியது தாயிடம் சாம்பலாகி, பேத்தியிடம் எழுத்தாகிறது. ஒரே பிறவியில் முடியாத செயல் இது. இதைச் சொல்ல மூன்று புதினங்களின் நீளம் தேவைதான்.

நீளம் ஒரு குறை என்பதையும் மறுப்பதற்கில்லை. பெயர்கள் குழப்பும், சித்தப்பா யார், சித்தப்பாவின் மாமனார் யார் என்று திரும்பத் திரும்பப் பக்கம் புரட்ட நேரும். ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் செல்லும் நூலைக் கண்டு மாணவர்கள் தயங்குவது இயல்பே. இதற்கு எளிய வழி உண்டு. நூலைப் படிக்கும்போது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் குடும்ப மரம் ஒன்றை வரைந்துகொண்டே செல்லலாம். கற்பனையையும் வரலாற்றையும் கலப்பது முறையா என்று கேட்போர்க்கும் ஒரு விடை உண்டு. புதினத்தை வரலாற்றுத் தேர்வுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது; காட்டினால் மதிப்பெண் குறையும். 1858 என்னும் எண்ணுக்குள் எத்தகைய மனிதர்கள் வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவோர்க்கு மட்டும் அது உதவும்.

புதினத்திற்கு மரம் வரைந்து பழகிய மாணவர்கள் சிலர் தம் குடும்பத்திற்கும் ஒன்று வரைய முற்படுவர். ஆண்களின் பெயர்கள் விரைவில் நிரம்பிவிடும். பத்திரங்களிலும் பெயரின் முன்னெழுத்துகளிலும் அவை இருக்கும். பெண்களின் பக்கத்தில் கோடுகள் வெறுமையாக நிற்கும். பாட்டியின் தாய்க்கு என்ன பெயர் என்று அப்பாவைக் கேட்டால் அம்மாவைக் கேள் என்பார். அம்மாவைக் கேட்டால் சற்று யோசிப்பார். முடிவில், ஊரிலுள்ள பெரிய அத்தைக்குத்தான் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும்.