துணிவு மட்டும் போதுமா?

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கற்பிட்டிக் குடாநாட்டின் கண்டக்குளிக் கரையிலே 14 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் வனசீவராசிகள் திணைக்களத்தினரும் ஊர் மக்களும் பாடுபட்டு அவற்றுள் 11 ஐ ஆழ்கடலுக்குத் திருப்பி அனுப்பினர். மூன்று மாண்டன. அதற்கு முன், 2020 நவம்பரில், பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோதும் ஊரடங்கையும் இருளையும் பாராது மக்கள் கடலில் இறங்கினர். விடிவதற்குள் பெரும்பாலானவை காப்பாற்றப்பட்டன. இவை பாராட்டுக்குரிய செயல்கள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், பாராட்டிய கையோடு ஒரு கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். நாளை இதே கரையில் இதே இடர் நேருமாயின், என்ன செய்ய வேண்டும் என்பதை முறையாகக் கற்றவர் எத்தனை பேர் அங்கு நிற்பர்? துணிவுக்கு எமது மக்களிடம் பஞ்சமில்லை. பயிற்சிக்குத்தான் பஞ்சம்.

பெரிய விலங்கொன்றை மீட்பது மனிதனைத் தூக்குவது போன்றதன்று. ஒன்று முதல் மூன்று தொன் வரை நிறையுடைய திமிங்கிலத்தை வாலில் கயிறு கட்டி இழுத்தால் அதன் முள்ளந்தண்டு சிதையும். அதனை வயிறு கீழாக நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போர்த்தி, உச்சியிலுள்ள சுவாசத் துளையில் நீரும் மணலும் புகாது காக்க வேண்டும். கூட்டத்தை விட்டுப் பிரியாத இனமாதலின், ஒன்றை மட்டும் கடலில் விட்டால் அது கரையில் கிடக்கும் துணையை நாடி மீண்டும் வந்துவிடும். ஆகவே கூட்டமாகவே அவற்றைச் செலுத்துதல் வேண்டும். இவை ஒரு நாட் பயிற்சியில் கற்றுக் கொடுக்கக்கூடியவை. ஆனால் ஆபத்து வந்த பின் கரையில் நின்று கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல.

திமிங்கிலம் என்றோ ஒரு நாள் வரும் விருந்தாளி. அன்றாடம் எம்மோடு வாழும் விலங்குகளின் நிலை என்ன? புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் மாடும் ஆடும் இல்லாத ஊர் அரிது. நெடுந்தீவுக்குக் குதிரைகள் எப்படியோ, கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் கழுதைகள் அப்படி. முன்னாளில் பொதி சுமந்த இனத்தின் வழிவந்த அவை இன்று உரிமையாளரின்றித் திரிகின்றன. இரவில் வீதியிலே படுத்து வாகனங்களில் அடிபடுகின்றன. வண்ணாத்திவில்லுப் பகுதியிலே யானையும் அயலார். கட்டுச் சுவரில்லாத தோட்டக் கிணறுகள் இவை எல்லாவற்றுக்கும் பொறியாக அமைகின்றன.

ஒரு பசு கிணற்றில் வீழ்ந்தால் எமது ஊர்களில் நடப்பதென்ன? நாலு பேர் கூடிக் கழுத்திலும் கொம்பிலும் கயிற்றை மாட்டி இழுப்பர். பசு வெளியே வரும்; ஆனால் கழுத்து முறிந்து வரும். அகன்ற பட்டியை முன்னங்காலுக்குப் பின்னும் பின்னங்காலுக்கு முன்னுமாக உடலைச் சுற்றியிட்டுத் தூக்குவதே முறை. பழுதுபட்ட தீயணைப்புத் துணிக்குழாயே அதற்குப் போதும். சேற்றில் புதைந்த விலங்கைக் காலைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகுமேயன்றிச் சேறு விடாது. உடலின் அடியிற் குழாய் மூலம் நீரைச் செலுத்திச் சேற்றின் பிடியைத் தளர்த்த வேண்டும். மீட்ட மாட்டைப் பக்கவாட்டில் நெடுநேரம் கிடத்தினால் வயிற்றிலே வாயு நிறைந்து அது மூச்சு முட்டிச் சாகும். நெஞ்சை நிலத்தில் ஊன்றி அமரச் செய்ய வேண்டும். மிரண்ட கழுதைக்குக் கண்ணைக் கட்டினால் பாதி அச்சம் அடங்கும். அதன் காற்பக்கம் நிற்பவன் உதைபடுவான், முதுகுப்பக்கம் நிற்பவன் தப்புவான்.

இங்கு விலங்கின் உயிர் மட்டுமன்றி மனித உயிரும் பணயம் வைக்கப்படுகிறது. உயிர்வாயு குறைந்த கிணற்றில், அல்லது நீரிறைக்கும் இயந்திரத்தின் புகை தேங்கிய கிணற்றில், சோதியாது இறங்குபவன் மயங்கி விழுவான்; அவனைத் தூக்க இறங்குபவனும் விழுவான். வெள்ளநீரில் மாட்டோடு மல்லுக்கட்டுபவனுக்கு எலிக்காய்ச்சல் தொற்றும். மீட்புப் பயிற்சியின் முதற்பாடம், எப்போது இறங்கக் கூடாது என்பதே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ளை கொண்டது. கலா ஓயா வெள்ளத்தில் சிக்கிய பேருந்தின் பயணிகள் ஏறத்தாழ 70 பேரைக் கடற்படையினர் மீட்டதை நாடறியும். தெதுறு ஓயாவும் மீ ஓயாவும் பெருகித் தாழ்நிலங்களை மூடின. மனிதர் மேட்டுக்கு ஓடினர். தொழுவத்தில் கட்டிய மாடு எங்கே ஓடும்? இதற்கு முன் 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் விறைத்து மாண்டன. ஒரு முறை பட்டும் நாம் கற்கவில்லை.

“மனிதரைக் காக்கவே ஆளில்லாதபோது மாட்டுக்கும் கழுதைக்கும் படை தேவையா?” என்று கேட்பார் உளர். மனித உயிரே முதன்மையானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கறவைப் பசு ஒன்று ஏழைக் குடும்பத்தின் வங்கி, மகளின் படிப்புச் செலவு, மறுபோகத்தின் விதைநெல். அதனை விட்டுவிட்டு வா என்றால் உழவன் வரமாட்டான். வந்தாலும், இரவோடிரவாக வெள்ளத்துள் திரும்பிச் செல்வான். விலங்குக்கு வழி செய்யாத வெளியேற்றத் திட்டம் மனிதனையும் வெளியேற்றாது. 1970 ஆம் ஆண்டுப் பெரும்புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை இழந்த வங்கக்கரை இதனை உணர்ந்தது. அங்கே கால்நடைகளும் மக்களும் ஒதுங்குவதற்கென்றே ‘கில்லா’ எனப்படும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. பிரித்தானியாவின் தீயணைப்புப் படைகள் பலவற்றில் பெரிய விலங்குகளை மீட்பதற்குப் பயிற்றப்பட்ட குழுக்கள் உண்டு. ஹம்ஷயர் மாவட்டப் படை அதற்கு முன்னோடி. அவர்கள் தொடங்கியதும் விலங்கின்மீது கொண்ட இரக்கத்தால் மட்டுமன்று. மீட்கச் சென்றவர்கள் காயமுறுவதைத் தடுக்கவுமாகும்.

இன்னொன்றையும் அழுத்திக் கூறுதல் எமது கடமை. கயிற்றை இழுக்கும் இருபது பேரில் பத்துப் பேருக்கு “நிறுத்து” என்ற ஆணை விளங்காவிடின் அக்கணத்திலேயே உயிர் போகும். இக்கரையிலே தமிழ் பேசும் மக்களும் சிங்களம் பேசும் மக்களும் கலந்து வாழ்கின்றனர். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாறிருந்தும், டித்வா புயலின்போது எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிட்டவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மீட்புப் பயிற்சியும் அக்கதிக்கு ஆளாகுமானால், அது பாதிப் பயிற்சியேயாகும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய மாளிகையன்று. கற்பிட்டி, வண்ணாத்திவில்லு, முந்தல், சிலாபம் முதலிய பிரதேச செயலகப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குழு அமைக்கப்படல் வேண்டும். கடற்படை, பொலிஸ், வனசீவராசிகள் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றின் ஊழியரோடு மீனவரும் உழவரும் அதில் இடம்பெறல் வேண்டும். வடமேல் மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் மிருக வைத்தியர் ஒருவரின் சொல்லே களத்தில் விலங்கைப் பற்றிய இறுதிச் சொல்லாக இருத்தல் வேண்டும். பாடத்திட்டத்தை வகுக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. பயிற்சிக்கு இடமளிக்கக் கற்பிட்டியில் ‘விஜய’ கடற்படை முகாம் இருக்கிறது. வேண்டிய கருவிகள் பட்டி, பலகை, கப்பி, குழாய், முகத்திரை என்பவையே. தாழ்நில ஊர்களில் கால்நடைகளுக்கான மேடுகளை அடுத்த மழைக்கு முன்பே குறித்து வைக்க வேண்டும். கிணறுகளுக்குக் கட்டுச் சுவர் எழுப்ப உழவருக்கு உதவி வழங்க வேண்டும்.

எமது மக்களும் அரசினரை மட்டும் எதிர்பார்த்து வாளாவிருத்தல் தகாது. உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலின் ஒரே குரலுக்கு ஒரே கணத்தில் கை வைப்பர். எத்தனையோ தலைமுறையாகப் பயின்ற ஒழுங்கு அது. அந்த ஒழுங்கோடு அறிவையும் சேர்த்துவிட்டால், இக்கரையில் அமையும் மீட்புக் குழுவுக்கு ஈடு இலங்கையில் வேறு இராது. அடுத்த வடகீழ்ப் பருவ மழைக்கு முன் முதற் பயிற்சி தொடங்குமா? புத்தளம் மாவட்டத்தின் மக்கட் பிரதிநிதிகளிடம் இக்கேள்விக்கு விடை கேட்பது எமது வாசகர் ஒவ்வொருவரின் உரிமையாகும்.