கோட்டை நம்புமுன் புள்ளிகளை எண்ணுவோம்

கணிப்பொறி வந்த பிறகு மாணவர்களுக்குச் சிந்திக்கும் வேலை குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. அதை முழுமையாக ஏற்க எனக்கு மனமில்லை. ஆயினும், எங்கள் புள்ளியியல் செய்முறை வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, அக்குறையில் உண்மை இல்லாமலில்லை என்பதை எனக்கு உணர்த்தியது.

வகுப்புத் தோழர்களின் வருகை நாட்களையும் தேர்வு மதிப்பெண்களையும் கொண்டு ஒரு சிதறல் விளக்கப்படம் வரையுமாறு பேராசிரியர் பணித்தார். ‘ஆர்’ என்னும் நிரல்மொழியில் புள்ளிகளை இட்டேன். ‘ஜியோம் ஸ்மூத்’ என்று ஒரு வரி சேர்த்ததும், சாம்பல் நிறப் பட்டையுடன் நீலக் கோடு ஒன்று ஓடியது. அது சப்பென்று இருந்தமையால் ‘ஸ்பான்’ என்னும் அளவைக் குறைத்தேன். ஏறிச் சென்ற கோடு இறுதியில் சட்டெனக் கீழே வளைந்தது. “அளவுக்கு மீறி வகுப்புக்கு வந்தால் மதிப்பெண் குறையும்!” என்றேன். வகுப்பே சிரித்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “அந்த மூலையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன, எண்ணிச் சொல்” என்றார். எண்ணினேன், இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று, இரவில் உணவு விடுதியில் வேலை பார்த்துவிட்டு, ஒருநாளும் தவறாமல் வகுப்புக்கு வரும் என் நண்பன். சிரித்தவர்களோடு அவனும் சிரித்தான். எனக்குத்தான் தலை குனிந்தது.

அந்தக் கோடு எவ்வாறு பிறக்கிறது என்பதை அதன் பிறகே படித்தேன். 1979இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வில்லியம் கிளீவ்லண்ட் வெளியிட்ட முறையின் வழிவந்தது அது. ஒவ்வோர் இடத்திலும் அருகிலுள்ள புள்ளிகளில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, கிட்டத்தில் உள்ளவற்றுக்கு மிகுந்த எடையும் தொலைவில் உள்ளவற்றுக்குக் குறைந்த எடையும் தந்து, அவ்விடத்துக்கான மதிப்பைக் கணிக்கின்றனர். அம்மதிப்புகளை இணைத்தால் வளைகோடு. எவ்வளவு பகுதியை எடுப்பது என்பதே ‘ஸ்பான்’. நாம் சொல்லாவிட்டால் நிரலே 0.75 என்று, அதாவது முக்கால் பங்குப் புள்ளிகளை எடுத்துக்கொள்கிறது. அதை மிகக் குறைத்தால் கோடு ஓரிரு புள்ளிகளுக்கெல்லாம் ஆடும். மிகக் கூட்டினால் உண்மையான வளைவும் மறைந்துபோகும். ஆகவே கோடு என்பது தரவு அன்று. தரவைப் பற்றி நாம் கூறும் கருத்து.

அப்படியானால் கோடே வேண்டாமா? அதுவும் தவறு. 1969 டிசம்பர் 1ஆம் நாள், வியத்நாம் போர்க்காலப் படைச் சேர்க்கைக்காக அமெரிக்க அரசு குலுக்கல் நடத்தியது. 366 பிறந்த தேதிகள் குப்பிகளில் இடப்பட்டு எடுக்கப்பட்டன. முதலில் வந்த தேதிக்கு எண் 1. மறு ஆண்டில் 195 வரை எண் பெற்றோர் அழைக்கப்பட்டனர். தேதியையும் எண்ணையும் படமாக இட்டால், இறைத்த எள்போல் புள்ளிகள் கிடக்கும். கண்ணுக்கு எதுவும் புலப்படாது. சீராக்கிய கோட்டை இட்டால், ஆண்டின் பிற்பகுதியில் அது கீழிறங்குவது தெரியும். ஜனவரியில் பிறந்தோரின் சராசரி எண் 201.2, டிசம்பரில் பிறந்தோருக்கோ 121.5. மாதவாரியாகப் பெட்டியில் இட்ட குப்பிகளைச் சரியாகக் கலக்காததே காரணம் எனப்பட்டது. மறு குலுக்கலில் முறையை மாற்றினார்கள். இளைஞர்களின் உயிரைத் தொட்ட ஒரு பிழையைக் கோடு காட்டிக்கொடுத்தது. அதன் பின்னே 366 புள்ளிகள் நின்றன. என் வளைவின் பின்னே நின்றவை இரண்டு.

எனவே நண்பர்களே, மூன்று பழக்கங்களை மேற்கொள்வோம். கோட்டை இட்டாலும் புள்ளிகளை மறைக்காதிருப்போம். எந்த முறை, எந்த அளவு என்பதைப் படத்தின் கீழே எழுதுவோம். கோடு வளையும் இடத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவோம். செய்முறைத் தேர்வில் அழகிய படத்திற்கு மட்டுமன்றி, இம்மூன்றிற்கும் மதிப்பெண் வழங்குமாறு ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

நாளை நம்மில் சிலர் அரசு அலுவலகங்களில் அமர்ந்து, முகம் தெரியாத மக்களின் கணக்குகளுக்குக் கோடு கிழிக்கப் போகிறோம். என் நண்பனை எனக்குத் தெரிந்ததால் தவற்றை உணர்ந்தேன். முகம் தெரியாதவர்களுக்கும் அந்த நீதி கிடைக்க வேண்டுமென்பதே என் ஆசை.