விமானிக்குக் காய்ச்சல் வந்தால் நமக்கென்ன?

விமானிகளின் மருத்துவ விடுப்பைப் பற்றி நமது ஏடு ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்காக வக்காலத்து வாங்க, மட்டாஞ்சேரிக் கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கும் பெண்ணுக்கும் வேளி டோபி கானாவில் துணி வெளுக்கும் தொழிலாளிக்கும் என்ன வந்தது? நியாயமான கேள்விதான். ஆனால் நெடும்பாசேரியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கும் நம் பிள்ளைகளின் உயிர் அந்த விமானியின் கையில் இருக்கிறது. அவர் உடம்புக்கு முடியாமல் இருந்தும் வேலைக்கு வந்தால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் நாம்.

2020 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா காலத்தில் ஊர் திரும்பத் துடித்தவர்களை ஏற்றிக்கொண்டு துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கோழிக்கோடு கரிப்பூரில் கொட்டும் மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. அதில் இருந்த 190 பேரில் 19 பயணிகளும் இரண்டு விமானிகளும் மாண்டனர். தரையிறக்கம் சீராக இல்லாதபோதும் மீண்டும் மேலெழும்பாமல் இறக்கியதே காரணம் என்று 2021-இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அத்தோடு அது நிற்கவில்லை. தலைமை விமானி, மருத்துவர் எழுதித் தராத சர்க்கரை நோய் மாத்திரைகளை உட்கொண்டிருந்தார், அதனால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து அவரது கவனம் சற்றே மங்கியிருக்கலாம் என்றது. மறுநாள் ஒரு விமானத்தை ஓட்ட அவர் கோழிக்கோட்டில் இருந்தாக வேண்டும், அங்கே போதிய கேப்டன்கள் இல்லை என்பதையும் குறித்தது.

அந்த மனிதரின் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் சொல்ல முடியாது; அது அவரோடு போயிற்று. ஆனால் அந்த விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன், அப்போது சர்க்கார் வசமிருந்த தாய் நிறுவனமான ஏர் இந்தியா போட்ட உத்தரவை நாம் அறிவோம். ஊழியர்களை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பலாம், தேவைப்பட்டால் ஐந்து ஆண்டு வரை நீட்டலாம் என்றது 2020 ஜூலை மாத உத்தரவு. யாரை அனுப்புவது? திறமை, தகுதி ஆகியவற்றோடு ஊழியரின் உடல்நிலையையும், முன்பு நோயின் காரணமாக எத்தனை முறை வேலைக்கு வராதிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டுமாம்! நேற்று எடுத்த சிக் லீவு இன்று கழுத்துக்குக் கத்தியாக வருமானால், எந்தத் தொழிலாளி நாளைக்குக் காய்ச்சல் என்று வாய் திறப்பான்?

அதே ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி மத்திய தொழிலாளர் அமைச்சகம் முதலாளிகளுக்கு எழுதிய கடிதம் என்ன சொன்னது? ஆளை நீக்காதீர், கூலியைக் குறைக்காதீர், விடுப்பில் போனவரையும் வேலையில் இருப்பவராகவே கருதுங்கள் என்றது. 29-ஆம் தேதி உள்துறை அமைச்சகம், ஊரடங்கு நாட்களுக்கு முழுக் கூலி தர உத்தரவிட்டது. மே 18-ஆம் தேதி அந்த உத்தரவு காலாவதியானது. ஐம்பது நாள்! கொள்ளைநோய் போகவில்லை, பாதுகாப்பு போய்விட்டது. சட்டமாக எழுதப்படாமல் சுற்றறிக்கையாக வந்த சலுகை சுற்றறிக்கையாகவே போயிற்று.

2025 டிசம்பரில் இதே கதை மறுபடி நடந்தது. விமானிகளின் களைப்பைக் குறைக்கப் புதிய விதிகள் வந்திருந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. எந்த விடுப்பையும் வார ஓய்வாகக் கணக்கெழுதக் கூடாது என்பதும் அதில் ஒன்று. இண்டிகோ நிறுவனம் அதற்கேற்ற ஆட்களை வைத்துக்கொள்ளாததால் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, பயணிகள் நிலையங்களில் தவித்தனர். டிசம்பர் 5-ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பணிந்தது. நிறுவனத்துக்கா விமானிக்கா என்று கேட்க வேண்டியதில்லை! விடுப்பை ஓய்வில் கழிக்கக் கூடாது என்ற அந்த வாசகம் திரும்பப் பெறப்பட்டது. லீவு போட்டுப் படுத்துக் கிடந்த நாளையே ஓய்வு நாளாக எழுதிக்கொள்ள வழி திறந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணியாளர் 200-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்றனர். கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் நிலையங்களில், விசா முடியும் தேதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நமக்குக் கோபம் வந்தது உண்மை. 25 பேரை நீக்கிய நிர்வாகம், மே 9-ஆம் தேதி டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசி அவர்களைத் திரும்ப எடுத்தது. அவர்களுடைய குறைகள் பேசத் தக்கவை என்றால், பயணிகள் தவிக்கும் முன்பே ஏன் பேசவில்லை? எல்லோரும் சேர்ந்து நோயைச் சாக்காகச் சொல்வதை நாம் ஆதரிக்கவில்லை. உண்மையில் நோயுற்றவனின் சொல்லையும் அது பொய்யாக்கிவிடும். ஆனால் வேலைநிறுத்தத்தின் கதவை ஒவ்வொன்றாகச் சாத்துகிறவர்களுக்கு இதைக் கண்டிக்கும் யோக்கியதை இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அதை வேலைநிறுத்தம் என்கிறது.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கங்காணி வீசியெறியும் சாப்பா என்ற வில்லைக்காக இந்தத் துறைமுகத்தில் மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொண்டார்கள். அதை எதிர்த்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காய்ச்சல்காரனால் சாப்பாவைப் பிடிக்க முடியாது. அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இன்றைக்கும் நம்மில் கட்டட வேலைக்குப் போகிறவர் இரண்டு நாள் படுத்தால், மூன்றாம் நாள் மேஸ்திரி வேறு ஆளோடு நிற்கிறார்.

ஆகவே நாம் வலியுறுத்துவது இதுதான்: எடுத்த மருத்துவ விடுப்பை ஆட்குறைப்புக்கோ பதவி உயர்வுக்கோ கணக்கில் எடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டும், அது விமானிக்கும் சுமட்டுத் தொழிலாளிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவரை கையில் உள்ளதை விடாதீர்கள். கடையிலும் கிட்டங்கியிலும் வேலை செய்வோருக்குக் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்கு 12 நாள் கூலியோடு நோய் விடுப்பு தருகிறது. பலர் அதைக் கேட்டதே இல்லை. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர், ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது பெறலாம். அதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். படுத்த முதல் நாளே போய் வாங்குங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தும் அட்டை கைக்கு வராதவர்கள், அந்தச் சீட்டோடு ஞாயிறு மாலை நமது சங்க அறைக்கு வாருங்கள்.