ஓர் இரவு தாங்கினால் போதுமா?

மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். குளிர்நாடுகளில் வானிலிருந்து பஞ்சு போல் இறங்கி, சில வேளை வீட்டுக் கூரையையே முறித்துவிடும் பொருளையும் பனி என்கிறோம். இக்கட்டுரையில் வருவது இரண்டாவது பனி. குழப்பம் நேராமலிருக்க அதனை வெண்பனி என்றே அழைப்போம்.

அந்த வெண்பனியில் தனியாக நடைப்பயணம் செல்வோர் முதுகுப் பையில் வைத்துக் கொண்டுபோகும் ஒரு கூடாரம் உண்டு. நடுவே ஒரே ஒரு கம்பு. அதன் உச்சியிலிருந்து நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் மெல்லிய துணி. விளிம்பில் இழுத்துக் கட்டக் கயிறுகள். அவ்வளவுதான். பார்ப்பதற்குச் சிறிய பிரமிடு போலிருக்கும். ஊன்றி நடக்கும் கைத்தடியையே நடுக்கம்பாக நிறுத்திவிடுவோரும் உண்டு. ஒருவர் மட்டுமே படுக்கலாம். துணியின் எடை ஏறத்தாழ அரைக் கிலோகிராம்தான்.

"பலத்த வெண்பனியில் ஓர் இரவு படுத்துப் பார்த்தேன். கூடாரம் நின்றது. ஆகவே இது நல்ல கூடாரம்" என்று சொல்பவர்கள் பலர். இது சோதனையா? இல்லை என்பதே என் கருத்து. இது அனுபவம். அனுபவத்துக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நீங்கள் சிந்திக்க வேண்டுமென விரும்புகிறேன். ஏனெனில் அந்தச் சொல்லை நம்பி, முன்பின் அறியாத இன்னொருவர் அதே கூடாரத்துடன் மலையேறக் கூடும்.

மூன்று கூடாரங்கள்

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அண்டார்க்டிகா பயணங்களிலிருந்து மூன்று கூடாரங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென் துருவத்தில் விட்டுவந்த சிறு கூடாரம். ஒரே மூங்கில் கம்பின் மேல் அது நின்றது. 1912 ஜனவரி 18 அன்று ஸ்காட்டின் குழுவினர் அதனைக் கண்டபோதும் நின்றுகொண்டிருந்தது. ஒரு மாதம் தாங்கிய கூடாரம்! ஆனால் அவசரப்பட்டுப் பாராட்ட வேண்டாம். தென் துருவம் ஒரு குளிர்ப் பாலைவனம். அங்கே ஓர் ஆண்டில் சேரும் வெண்பனி முழுவதையும் உருக்கினால் 10 செ.மீ. உயர நீர்கூடத் தேறாது. அங்கே ஒரு மாதம் நின்ற கூடாரம் பெரும் பனிப்பொழிவைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, 1911 ஜூலையில் வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவரும் பென்குவின் முட்டை தேடிக் குரோசியர் முனைக்குக் கொண்டுபோன பிரமிடு வடிவக் கூடாரம். துருவப் பகுதியின் நடுக்குளிர்கால இருளில், புயற்காற்று அதனைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டது. புயல் ஓய்ந்தபின் சுமார் அரை மைல் தொலைவில், பெரிய சேதமின்றி அது கிடைத்தது. கிடைக்காமற் போயிருந்தால் மூவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். துணி கிழியவில்லை, கம்பு ஒடியவில்லை. தரையோடு இருந்த பிடிதான் தோற்றது.

மூன்றாவது, ஸ்காட்டும் இரு தோழர்களும் கடைசியாகத் தங்கிய கூடாரம். ஸ்காட்டின் இறுதிக் குறிப்பு 1912 மார்ச் 29 அன்று எழுதப்பட்டது. தேடிச் சென்றவர்கள் அதே ஆண்டு நவம்பர் 12 அன்று அந்தக் கூடாரத்தைக் கண்டார்கள். ஏழு மாதங்களுக்கு மேலாகியும், பெரும்பகுதி வெண்பனியில் புதைந்த நிலையிலும் அது நின்றிருந்தது. உள்ளே மூவரும் பசியாலும் குளிராலும் எரிபொருள் இன்மையாலும் இறந்து கிடந்தார்கள்.

கூடாரம் நின்றது என்பது ஒன்று. மனிதன் பிழைத்தான் என்பது வேறொன்று. "நின்றதா?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்பது எவ்வளவு போதாது என்பதற்கு இந்த மூன்றுமே சாட்சி.

'பலத்த' என்பது ஓர் எண்ணா?

இனி இயற்பியலுக்கு வருவோம். நம் கூடாரத்தின் அடிப்பகுதி 2.5 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், உயரம் 1.4 மீட்டர் என்று கொள்வோம். அடிப்பரப்பு 3.75 சதுர மீட்டர். அந்தப் பரப்பின்மேல் 30 செ.மீ. வெண்பனி இறங்குகிறது. அதன் எடை என்ன?

விடை அடர்த்தியைப் பொறுத்தது. கடுங்குளிரில் புதிதாக விழுந்த உலர்ந்த வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 80 கி.கி. அளவில் இருக்கலாம். ஈரம் கலந்து படிந்துபோனது 300 கி.கி. வரை போகும். முதலாவதாயின் மொத்தம் 90 கி.கி.; இரண்டாவதாயின் ஏறக்குறைய 340 கி.கி. இரண்டும் 30 செ.மீ.தான். இரண்டையும் மக்கள் "பலத்த பனி" என்றே சொல்வார்கள். ஒன்று ஓர் ஆளின் எடைக்குச் சற்று மேல். மற்றொன்று ஒரு மாட்டின் எடை!

இந்த எடை முழுவதும் துணியின்மேல் தங்கிவிடாது; சரிவில் வழுக்கி இறங்கும். பிரமிடு வடிவத்தின் சிறப்பே அதுதான். ஆனால் நான்கு சுவர்களும் ஒரே சரிவு அல்ல. நீளப் பக்கச் சுவரில் டான்ஜென்ட் மதிப்பு 1.4 ÷ 0.75, கோணம் சுமார் 62 பாகை. தலைமாட்டுச் சுவரிலும் கால்மாட்டுச் சுவரிலும் அது 1.4 ÷ 1.25, கோணம் சுமார் 48 பாகைதான். ஆகவே வெண்பனி முதலில் தங்குவது தலைக்கும் காலுக்கும் மேலே. வெப்பநிலை 0 பாகையை நெருங்கினால் ஈர வெண்பனி செங்குத்தான சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரே கூடாரம் −15 பாகையில் ஒரு விதமாகவும் −1 பாகையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்.

வழுக்கி விழுந்தது எங்கே போகிறது? சுவரின் அடியிலேயே குவிந்து, துணியை உட்புறம் தள்ளுகிறது. தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் நம் கூடாரத்தின் அகலம் 107 செ.மீ. இரு பக்கமும் 20 செ.மீ. உள்ளே தள்ளப்பட்டால் மிஞ்சுவது 67 செ.மீ. ஒருவர் புரண்டு படுக்கவே இடம் போதாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. மழை நாளில் கல்யாணப் பந்தலின் மேல்துணியைப் பார்த்திருப்பீர்கள். சிறு பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் பள்ளத்தை ஆழமாக்கும். ஆழமான பள்ளம் மேலும் நீரைச் சேர்க்கும். கூடாரச் சுவரிலும் அதுவே நடக்கிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சிச் சற்று நீளும் இயல்புடையது. மாலையில் விறைப்பாகக் கட்டிய சுவர் நள்ளிரவில் தொய்ந்து வெண்பனியை ஏந்திக்கொள்ளும். அப்படியானால் மேலும் இறுக்கிக் கட்டலாமே என்பீர்கள். பாரம் தாங்கும் கொடிக்கயிற்றின் தொய்வைப் பாதியாக்கினால் அதன் இழுவிசை ஏறத்தாழ இருமடங்காகும். அந்த விசையைத் தையலும் முளையும் தாங்க வேண்டும். பொலபொலப்பான வெண்பனியில் முளை நிற்காது. பையில் வெண்பனியை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி, மேலே மிதித்து இறுக்க வேண்டும். சிறிது நேரத்தில் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிவிடும். மேலிருந்து அழுத்தும் அதே பொருள்தான் கீழே பிடித்தும் கொடுக்கிறது!

தனியாள் என்பது ஒரு நிபந்தனை

உறங்கும் மனிதர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறார். அது குளிர்ந்த துணியில் உறைபனியாகப் படிந்து படுக்கையில் உதிரும். அடிப்பகுதியின் இடைவெளியை வெண்பனி அடைத்துவிட்டால் ஆவி மட்டுமல்ல, கெட்ட காற்றும் வெளியேறாது. அந்நிலையில் உள்ளே அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்ட் பெர்ட் அண்டார்க்டிகாவில் வெண்பனியில் புதைந்த ஒரு சிறு குடிலில் பல மாதங்கள் தன்னந்தனியாக இருந்தார். அடுப்புப் புகையும் எந்திரப் புகையும் அவரை நஞ்சூட்டிச் சாவின் விளிம்புக்குக் கொண்டுசென்றன. அவருடைய வானொலிச் செய்திகள் தடுமாறுவதைக் கவனித்துத்தான், தொலைவிலிருந்த தோழர்கள் ஏதோ கோளாறு என்று ஐயுற்றார்கள். இருவர் இருந்தால் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். தனியாளுக்கு அந்தக் கருவி இல்லை. ஆகவே தனியாள் கூடாரத்தைச் சோதிப்பவர் துணியை மட்டுமல்ல, தனிமையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பின் எப்படிச் சோதிப்பது?

முதலாவதாக, எது தோல்வி என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சுவர் 20 செ.மீ. உள்ளே வந்தால் தோல்வியா? ஒரு கயிறு பிடுங்கிக்கொண்டால் தோல்வியா? காற்றுவழி அடைபட்டால் தோல்வியா? விடிந்தபின் உட்கார்ந்து இவற்றைத் தீர்மானித்தால் மனம் கூடாரத்தின் பக்கமே சாயும். பணம் கொடுத்து வாங்கியது அல்லவா?

இரண்டாவதாக, அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு லிட்டர் தகரக் குவளையில் அமுக்காமல் வெண்பனியை எடுத்து நிறுத்தால், உள்ளிருக்கும் வெண்பனி எத்தனை கிராமோ, அதுவே ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோகிராம். அதனுடன் ஓர் அளவுகோல், ஒரு வெப்பமானி, காற்றின் வேகத்தைப் பற்றிய குறிப்பு. இவை இருந்தால் அடுத்தவர் தம் மலையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மூன்றாவதாக, முதற்சோதனையில் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. வீட்டின் அருகில், கதவைத் திறந்தால் அடுப்பங்கரை என்ற இடத்தில் கூடாரத்தை நிறுத்தி, அது விழும் வரை விட்டுவைக்க வேண்டும். விழாத வரை அதன் எல்லை நமக்குத் தெரியாது.

நான்காவதாக, ஒரே மாதிரி இரு கூடாரங்கள் வேண்டும். ஒன்றின் மேலுள்ள வெண்பனியை இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டிவிட வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது. "தாங்கியது" என்று சொல்பவர்களில் பலர் இரவெல்லாம் எழுந்து எழுந்து சுவரைத் தட்டியவர்கள். அப்படியானால் அவரும் கூடாரத்தின் ஓர் உறுப்பு. குறைத்த எடைக்கு அவர் தம் தூக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார். மறுநாள் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால் யார் தட்டுவது?

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். "வெண்பனிக்குக் கனமான கூடாரமே சரி, இலேசானதை ஏன் சோதிக்க வேண்டும்?" என்பது ஒன்று. நான் உடன்படவில்லை. சுமை குறைந்தால் நடை விரையும், களைப்பு குறையும், அதுவும் உயிர்காப்பதே. இலேசாக இருப்பது குற்றமன்று. எல்லை தெரியாமல் இருப்பதே குற்றம். "ஆய்வுக்கூடத்தில் மணல்மூட்டை ஏற்றிப் பார்த்தால் போதாதா?" என்பது மற்றொன்று. தையலின் வலிமையை அறிய அது போதும். ஆனால் மணல் துணியில் ஒட்டாது, உருகி மீண்டும் உறையாது, மூச்சுவழியை அடைக்காது. வெண்பனியின் வேலையை வெண்பனிதான் செய்யும்.

மாணவர்களே, உங்களில் பலர் வெண்பனியைக் கண்டிருக்க மாட்டீர்கள். ஆனால் இந்தக் கேள்வி உங்கள் செய்முறை வகுப்பிலும் இருக்கிறது. தனி ஊசலை ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும்வரை எண்களைத் திருத்திக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தோற்கவே வழியில்லாத அந்தச் சோதனை உங்களுக்கு எதையும் கற்றுத் தரவில்லை. 9.3 வந்தால் 9.3 என்றே எழுதுங்கள். நூலை எங்கிருந்து அளந்தீர்கள், எத்தனை அலைவுகளை எண்ணினீர்கள், ஊசல் எவ்வளவு அகலமாக ஆடியது என்று தேடுங்கள். அப்படித் தேடிப் பழகியவர் நாளை ஒரு கூடாரத்தையோ பாலத்தையோ மருந்தையோ "நல்லது" என்று சொன்னால், அதை நம்பி மற்றவர்கள் தம் உயிரை ஒப்படைக்கலாம்.