புஸ்ஸென்று போன வெடி

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கழுவெளியில் பனிக்காலத்து வலசைப் பறவைகள் வந்திறங்கும்போது, நாட்டுத்துப்பாக்கிகளும் பரணைவிட்டு இறங்கும். 2021 டிசம்பரில் அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, நல்ல காரியம். ஆனால் செத்த பறவையைப் பற்றி நடக்கும் பேச்சில் கால்வாசிகூட, சுடுகிறவன் கையிலிருக்கும் கெட்டிப்பைப் பற்றி நடப்பதில்லை. தெற்கே குயிலாப்பாளையம் வரையுள்ள முந்திரித் தோப்புகளில் விறகு பொறுக்கும் பெண்களுக்கும் அது சம்பந்தப்பட்ட விஷயம்.

குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, கந்தலை அடைத்து, கம்பியால் இடித்து, மேலே பால்ரஸ் குண்டுகளைப் போடுவார்கள். இதுதான் கெட்டிப்பு; எல்லாம் கைப்பழக்கம்தான். மருந்து கூடிப்போனால் குழல் வெடிக்கும் என்பது ஊரறிந்தது. குறைந்தால்? சத்தம் கம்மி, ஆபத்தும் கம்மி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

மேல்நாட்டு ரைபிள் பிரியர்கள் சிலரும் இதே நினைப்பில் அடிபட்டிருக்கிறார்கள். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதற்குக் கீழே போகும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசை எழுப்பாது என்பதால், வீட்டிலேயே மருந்தைக் குறைத்துத் தோட்டா செய்து சுட்டுப் பார்க்கிறார்கள். அளவு ஒரு சிட்டிகை பிசகினால் தோட்டா குழலுக்குள்ளேயே நின்றுவிடும். ஓசை 'புஸ்'ஸென்று அடங்கிப்போக, வெடிக்கவில்லை என்று அடுத்ததை ஏற்றுவார்கள். முன்னே அடைப்பு, பின்னே முழு அழுத்தம். குழல் பிளப்பது சுடுகிறவரின் முகத்துக்கு நேரே.

புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ செத்ததும் குழலில் நின்ற தோட்டாவால்தான். 'தி க்ரோ' படத்துக்காக, நிஜத் தோட்டாக்களிலிருந்து மருந்தை மட்டும் எடுத்துவிட்டுப் போலித் தோட்டா செய்தார்கள். அடியிலிருந்த பற்றவைக்கும் கேப்பை விட்டுவிட்டார்கள். அதன் சிறு வெடிப்பு ஈயக்குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தியது. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவை ஏற்றி 1993 மார்ச் 31 அன்று சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. குழலை யாரும் பார்க்கவில்லை.

நம் கரையில் உப்புக்காற்று வேறு. குழல் துருப்பிடிக்கும், மருந்து நமுத்துப்போகும். நமுத்த மருந்து உடனே பற்றாமல், சற்றுப் பொறுத்து வெடிக்கும்; அதற்குள் எட்டிப் பார்த்தவன் தொலைந்தான். தொழிற்சாலைத் தோட்டாவுக்கே, வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாப் பக்கம் நீட்டி 30 நொடியாவது காத்திரு என்பது பயிற்சிக்கூட விதி.

ஆபத்து சுடுகிறவனோடு நின்றுவிடுவதும் இல்லை. புதுக்கோட்டை நார்த்தாமலை அருகே ஒரு சிறுவன் குண்டுபட்டு இறந்தான்; அங்கே சுட்டது வேட்டைக்காரர்கள் அல்ல. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சித் தளத்தில் சுட்டுப் பழகிய வேளையில், தாத்தா வீட்டிலிருந்த அந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். பயிற்சி பெற்ற படையும் அதற்கென்றே அமைத்த தளமும் இருந்த இடத்தில் நேர்ந்தது இது. தோப்பில் நின்று கைக்கெட்டிப்பைச் சோதிப்பவனுக்கு என்ன தடுப்பு இருக்கிறது?

உரிமமின்றித் தோட்டா தயாரித்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை உண்டு. அந்தப் பயத்தில்தான் கை சிதைந்தவன்கூடப் பட்டாசு வெடித்ததாகச் சொல்லிக் கட்டுப்போட்டுக்கொள்வான். மலை மாவட்டங்களில் 'துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கில்லை' என்று காவல்துறை அறிவிப்பதுண்டு. வரும் பனிக்காலத்துக்கு முன் மரக்காணம், வானூர் வட்டாரங்களிலும் அப்படி ஒன்று வேண்டும். ஒப்படைக்க நினைப்பவர்களுக்கு, மருந்து கெட்டித்த துப்பாக்கியைத் தோளில் போட்டுப் பேருந்தில் ஏறவேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள் என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சேர்க்கவேண்டும்.