எழுதுகோல் எவர் கையில்?

சிற்றூர்க் காதல் புதினம் என்றாலே முகஞ்சுளிக்கும் அறிஞர் பலர். அதன் ஆசிரியர் வாசகரோடு உறவாடினாலோ, 'விற்பனைத் தந்திரம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். இத்தீர்ப்பு நேரியதன்று.

அமெரிக்க எழுத்தாளர் டெபி மெக்கோம்பர், வாஷிங்டன் மாநிலத்துப் போர்ட் ஆர்ச்சர்டு நகரைச் 'சீடார் கோவ்' என்னும் கற்பனை ஊராக்கி, 2001 முதல் 2011 வரை பன்னிரண்டு புதினங்களை வரிசையாகப் படைத்தார். ஒவ்வொரு தலைப்பும் கதிலக்கத்தோடு கூடிய ஒரு வீட்டு முகவரி. வாசகர் அவ்வீட்டுக்கு அழைக்கப்பட்ட விருந்தினராகிறார். 2009இல் அந்நகரே சீடார் கோவின் பெயரால் விழா எடுத்தது. கதையில் கண்ட இடங்களை நேரில் காண வாசகர் வந்தனர். நூலை நேசித்தவர் ஊரையும் நேசித்தனர். இதில் இழிவு எங்கே?

இழிவு வேறோரிடத்தில் உண்டு. வாசகர் வேண்டியபடியெல்லாம் முடிவை வளைப்பதே அது. ஆங்கிலப் புதின முன்னோடி சாமுவேல் ரிச்சர்ட்சன், 1747-48இல் 'கிளாரிசா'வைப் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, நாயகியைச் சாகவிடலாகாது என்று வாசகர் மன்றாடினர். அவர்களோடு கடிதவழி பொறுமையாக வாதிட்டார். முடிவை மட்டும் மாற்றினாரல்லர். வாசகரை மதித்தார், கதையையும் மதித்தார்.

மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது ஆசிரியர் கடன். வாசலைத் திறந்து வைப்பது பண்பு; எழுதுகோலையே ஒப்படைப்பது கோழைமை. படிப்பவர் இல்லையென்று புலம்பும் எழுத்தாளரோ, தமக்கு வந்த கடிதங்களுள் எத்தனைக்கு மறுமொழி எழுதினார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.